நாற்பது விநாடிப் படம்

கட்கி, புனே
21 ஜூன் 1998

ஸ்டீபன் அண்ணனுக்கு,

முதலில் ஸ்தோத்திரம் எழுது, பிறகு உன் புலம்பலை எழுது என்று அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். எழுதிவிட்டேன். இனிமேல் புலம்பல்.

கேம்ப் ஏரியாவில் நான் வேலை செய்கிற விளம்பர ஆபீசைப் பற்றி உனக்குத் தெரியும். துணிக்கடைக்கும் மிட்டாய்க் கடைக்கும் கேபிள் டிவி விளம்பரம் எடுத்துப் பிழைக்கிற ஆபீஸ். முதலாளி பட்டாபிராமன் சாருக்கு இப்போது திடீரென்று சமூக சேவை. வனஜா மேடம் என்று ஒருவர் தொண்டு அமைப்பு நடத்துகிறார். மனசு சரியில்லாதவர்கள் அவர்களுக்குப் போன் செய்து பேசலாம், பேர் கூடச் சொல்ல வேண்டாம். இந்த ஊரில்தான் பால் வாங்கப் போகிறவனும் பைக்கில் போகிறானே. போன் செய்கிறவர்களில் நிறையப் பேர் வண்டி ஓட்டுகிற பையன்களாம். கீழே விழுந்து எழுந்தவர்கள், கூட வந்தவனைப் பறிகொடுத்தவர்கள். எலும்பு கூடிவிட்டது, மனசு கூடவில்லை என்கிற மாதிரி ஆட்கள். அவர்களுக்காகத் தியேட்டரிலும் கேபிளிலும் போட ஒரு படம். நாற்பது விநாடி.

நாற்பது விநாடிக்கு ஆறு வாரமாகக் கூட்டம் நடக்கிறது, அண்ணா. கமிட்டியில் ஒரு ரிட்டயர்டு கர்னல். படத்தில் யாரும் அழக்கூடாது, கடைசியில் கொடி பறக்க வேண்டும் என்கிறார். செலவை ஏற்றுக்கொண்டிருக்கிற டயர் வியாபாரிக்கு அவருடைய டயர் பெரிதாகத் தெரிய வேண்டும். ஆனால் 'மனநலம்' என்ற எழுத்து திரையில் வரும்போது மட்டும் டயர் தெரியக்கூடாது. ஹிந்தியில் என்ன வார்த்தை போடுவது என்று இரண்டு கூட்டம் போனது. சோகம் என்று 'உதாஸ்' போட்டால் காதல் தோல்வி மாதிரி இருக்கிறது என்றார் ஒருவர். நோய் என்று 'பீமார்' போட்டால் வாந்தி பேதி என்றார் கர்னல். டீ வாங்கி வரவும், ஆமாம் சார் சொல்லவும் நான்.

மாடல் பையன் ஒருவன் வந்தான். சோப்பு விளம்பரத்தில் நடித்தவன். கியர் எந்தக் காலில் என்று கேட்டான். வண்டி ஓட்டுகிறவர்களைப் பற்றிய படத்துக்கு வண்டி ஓட்டத் தெரியாத கதாநாயகன்.

இதை நான் வீட்டில் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தபோது உன் தம்பி ஜெபா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். திரும்பாமலேயே, "கியரு தெரியாதவனுக்கு புல்லட்டு இன்னாத்துக்கு?" என்றான். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வெளியே போனான். பார்த்தால், உன் புல்லட்டை மூடியிருந்த பிளாஸ்டிக் தாளை எடுத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அந்த வண்டியை அவன் தொட்டே பத்து மாதமாகிறது. படத்துக்கு இதையே எடுத்துக்கொள், நானும் வருகிறேன் என்றான்.

இப்போது உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள், அதனால் எழுதுகிறேன். ஜெபாவுக்கு முதுகு வலி என்று உனக்கு எழுதிக்கொண்டிருந்தோமே, அது முதுகு வலி இல்லை. போன ஆகஸ்டில் கண்டாலா மலைப்பாதையில் அவன் சிநேகிதன் சந்திரமௌலி லாரியில் அடிபட்டு இறந்தானே, அதிலிருந்து ஜெபா எழுந்திருக்கவில்லை. அவன் உன் புல்லட்டில் முன்னால் போனான், மௌலி தன் வண்டியில் பின்னால் வந்தான். அவ்வளவுதான் நடந்தது. பிம்ப்ரி பட்டறை வேலை போய்விட்டது. குளிக்க வைப்பதே பெரும்பாடாக இருந்தது. வனஜா மேடம்தான் டாக்டரிடம் அனுப்பினார். மாத்திரை சாப்பிடுகிறான். மேடத்தோடு போனில் பேசுகிறான்.

நீ கவலைப்படுவாய் என்றுதான் சொல்லவில்லை. இப்போது சொல்லாமல் இருப்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

ஜான்சி

●

மஸ்கட்
9 ஜூலை 1998

ஜான்சி,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஒவ்வொரு தடவையும் கோபம் ஏறியதே தவிர இறங்கவில்லை. பத்து மாதம் என்னை முட்டாளாக்கியிருக்கிறீர்கள். முதுகுக்குத் தடவு என்று நான் இங்கிருந்து தைலம் வாங்கி அனுப்பினேன். அதை யார் முதுகில் தடவினீர்கள்?

மௌலி செத்தது எனக்கும் வருத்தம்தான். அவன் நம் வீட்டில் எத்தனை நாள் சாப்பிட்டிருக்கிறான். ஆனால் சாவு இல்லாத வீடு எது? அப்பா போனபோது நான் பத்து மாதம் படுத்தேனா? காரியம் முடிந்த அடுத்த வாரம் மஸ்கட்டுக்கு வண்டி ஏறினேன். இவனுக்கு மட்டும் டாக்டர், மாத்திரை, மேடம்.

நீ சொல்கிற டாக்டர் பைத்தியத்துக்குப் பார்க்கிற டாக்டர்தானே? வேறு பேர் வைத்தால் வேறு ஆகிவிடுமா? கட்கியில் ஒருவனுக்குத் தெரிந்தால் குடியிருப்பு லைன் முழுக்கத் தெரியும். சர்ச்சில் தெரியும். நீ என்னவென்றால் அவனைப் படப்பிடிப்புக்கே கூட்டிக்கொண்டு போகிறாய் போலிருக்கிறது.

காரணமாகத்தான் சொல்கிறேன். என்னோடு ஒரே அறையில் இருக்கிற சின்னதுரையின் தங்கை நீலா, குடியாத்தத்தில் பள்ளிக்கூடத்தில் டீச்சர். நல்ல பெண், நம் சபைதான். ஜெபாவுக்குக் கேட்டேன். அவர்கள் வீட்டில் சரி என்கிற மாதிரி இருக்கிறார்கள். மாப்பிள்ளை லேத் வேலை செய்கிறான், தங்கமான பையன் என்று சொல்லியிருக்கிறேன். அது பொய்யில்லை. கல்யாணமானால் எல்லாம் சரியாகிவிடும். கையில் பொறுப்பு வந்தால் எவனும் சுவரைப் பார்த்துப் படுத்திருக்க மாட்டான்.

அதனால், ஒன்று, அவன் முகம் எந்தப் படத்திலும் வரக்கூடாது. இரண்டாவது, அந்தப் புல்லட்டை விற்றுவிடு.

ஸ்டீபன்

முந்தைய கடிதங்களில் 'மறந்து' என்று வர வேண்டிய இடத்தில் எல்லாம் 'மரந்து' என்று எழுதியிருந்தாய். தமிழ் சரியாக வராவிட்டால் ஹிந்தியில் எழுது.

●

கட்கி
26 ஜூலை 1998

அண்ணா,

நான் படித்தது இங்கிலீஷ் ஸ்கூல். தமிழ் படித்தது சண்டே ஸ்கூலில், பைபிளை வைத்துக்கொண்டு. இவ்வளவு எழுதுகிறேனே என்று நீ சந்தோஷப்பட வேண்டும்.

முகம் வரக்கூடாது என்றாய். வரவில்லை. சந்தோஷமா? நடந்ததைக் கேள்.

போன சனிக்கிழமை ஷூட்டிங் வைத்தோம். கோந்த்வாவைத் தாண்டி, போப்தேவ் கணவாய்ப் பாதையில். மழை விடும் என்று ரேடியோ சொன்னதாக பட்டாபிராமன் சார் சொன்னார். விடவில்லை. கேமராவுக்குக் குடை பிடித்தே என் தோள் போய்விட்டது. டயர் வியாபாரி தன் கடைப் பேனரைக் கொண்டுவந்து மலைப்பாறையில் கட்டினார். அதை அவிழ்க்கச் சொன்னதற்கு நானா அவரா என்று சண்டை. மாடல் பையன் ஹெல்மெட் போட்டால் முடி கெட்டுவிடும் என்றான். வனஜா மேடம் அவனைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைப் படம் எடுத்திருந்தாலே போதும்.

ஒருவழியாக அவனை வண்டியில் உட்கார வைத்தோம். நின்ற இடத்திலேயே வண்டியோடு சாய்ந்தான். அடி ஒன்றுமில்லை. எழுந்து, நான் தொட மாட்டேன் என்று ஜீப்பில் போய் உட்கார்ந்துகொண்டான்.

அப்போது சார் ஜெபாவைப் பார்த்தார். ஜெபா உன் புல்லட்டை டெம்போவில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கத்தான் வந்திருந்தான். ஹெல்மெட் போட்டுக்கொண்டு நீ ஓட்டு, முகம் தெரியாது, தூரத்திலிருந்து எடுக்கிறோம் என்றார். வேண்டாம் சார் என்றேன். ஜெபா என்னைப் பார்க்கவே இல்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உதைத்தான். ஒரே உதையில் வண்டி கிளம்பியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை நாளாகிவிட்டது தெரியுமா? ஈரச் சாலையில் வளைந்து வளைந்து ஏறினான். கேமராக்காரர் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். சார் "கட்" சொல்ல மறந்துவிட்டார். (பார், 'ற' போட்டிருக்கிறேன்.)

மேலே திருப்பத்தில் மறைந்தவன் திரும்பி வரவில்லை. சத்தமும் நின்றுவிட்டது.

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினேன். திருப்பத்துக்கு அந்தப் பக்கம் வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு, கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தான். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கண்ணாடிக்குள்ளே முகம் நனைந்திருந்தது, மழையில்லை அது.

"இன்னாடா ஆச்சு?" என்றேன்.

"ஓட்ட முடியுது ஜான்சி. நிறுத்தினாதான் முடியல. நிறுத்தினா திரும்பிப் பாக்கணும்னு தோணுது. திரும்பிப் பாத்தா யாரும் இல்ல."

பக்கத்தில் உட்கார்ந்தேன். வனஜா மேடம் மூச்சு வாங்க ஏறி வந்து அவனுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். கீழேயிருந்து பட்டாபிராமன் சார், வெளிச்சம் போகிறது, வெளிச்சம் போகிறது என்று கத்திக்கொண்டிருந்தார். காலையிலிருந்தே வெளிச்சம் இல்லை.

அன்று படம் எடுத்ததெல்லாம் வீண். ஒன்றுகூடப் பயன்படாது.

அண்ணா, நீ பார்த்து வைத்திருக்கிற பெண்ணைப் பற்றி ஜெபாவிடம் சொன்னேன். "அவங்களுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டான். தெரியாது என்றேன். அவன் வேறு ஒன்றும் கேட்கவில்லை. நான் கேட்கிறேன். அந்தப் பெண் உன் தங்கையாக இருந்து, மாப்பிள்ளை வீட்டார் இதை மறைத்திருந்தால் நீ என்ன செய்வாய்? விமானம் ஏறி வந்து வீட்டுக் கதவை உடைக்க மாட்டாயா?

வண்டியை விற்கப்போவதில்லை.

ஜான்சி

●

மஸ்கட்
17 ஆகஸ்ட் 1998

ஜான்சி,

எனக்கு நியாயம் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

உலகத்தில் எல்லாக் கல்யாணமும் எல்லாவற்றையும் சொல்லியா நடக்கிறது? அப்பா வலிப்பு வருகிறவர் என்று அம்மா வீட்டில் யாராவது சொன்னார்களா? அம்மா வாழவில்லையா?

சின்னதுரை வீட்டில் ஜெபாவின் போட்டோவைப் பார்த்துப் பிடித்துவிட்டது. டிசம்பரில் நிச்சயம் வைக்கலாம் என்கிறார்கள். சின்னதுரை என்னை இப்போதே மச்சான் என்கிறான். உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவனோடு சிரித்துக்கொண்டிருக்கிறேன். நிம்மதியாக ஒரு காரியம் நடக்க விட மாட்டாயா?

இங்கே எனக்கு மட்டும் சுகம் என்று நினைக்காதே. தண்ணீர் டேங்கர் ஓட்டுகிறேன், நாற்பத்தைந்து டிகிரி வெயிலில். அறையில் ஏர்கண்டிஷனர் ஓடினால் சத்தம், ஓடாவிட்டால் புழுக்கம். தூக்கம் சரியில்லை. அறையில் ஒருவன் சப்புக்கொட்டிச் சாப்பிடுகிறான், எனக்குத் தட்டை எடுத்து அவன் தலையில் கவிழ்க்க வேண்டும் போலிருக்கிறது. உன் கடிதம் வந்தால் அதைப் பிரிக்காமலேயே எரிச்சல் வருகிறது.

ஜெபாவிடம் சொல், அண்ணன் வைத்த வார்த்தையைக் காப்பாற்றச் சொல். நான் அவனிடம் வேறு எதுவும் கேட்டதில்லை.

ஸ்டீபன்

●

கட்கி
20 செப்டம்பர் 1998

அண்ணா,

இந்தக் கடிதத்தை எழுத ஒரு வாரமாக உட்கார்ந்து எழுந்துகொண்டிருக்கிறேன். உனக்குக் கோபம் வரும். வரட்டும்.

படம் முடிந்துவிட்டது. மாடல் பையன் போய்விட்டான், அவனுக்குக் குளிர்பான விளம்பரம் கிடைத்துவிட்டது. பிறகு வனஜா மேடம் கமிட்டியில், நடிகன் வேண்டாம், உண்மையிலேயே அனுபவப்பட்ட ஒருவர் கேமராவைப் பார்த்துப் பேசினால் போதும் என்றார். யார் முன்வருவார்கள் என்றார் கர்னல். யாரும் வர மாட்டார்கள், அதனால் கொடியைக் காட்டலாம் என்பது அவர் நம்பிக்கை. நான் சத்தியமாக வாயைத் திறக்கவில்லை. மேடமும் ஜெபாவிடம் கேட்கவில்லை. அவனாகவே அவரிடம் போய், நான் பேசுகிறேன் என்றிருக்கிறான். அவசரப்படாதே, டாக்டரிடம் கேள், ஒரு வாரம் யோசி என்று மேடம் சொல்லியிருக்கிறார்.

அந்த ஒரு வாரத்தில்தான் அவன் குடியாத்தம் போனான்.

எங்களிடம் சொல்லவில்லை. மௌலியின் வீட்டுக்கு என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு மெட்ராஸ் ரயிலில் ஏறியிருக்கிறான். அரக்கோணத்தில் இறங்கி வண்டி மாறிப் போயிருக்கிறான். விலாசம் உன் கடிதத்தில் இல்லை. குடியாத்தத்தில் நம் சபை எதுவென்று விசாரித்து, பாஸ்டரிடம் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறான். பத்து மாதம் தெருமுனை வரைக்கும் தனியாகப் போகாதவன், அண்ணா.

திரும்பி வந்து அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நீலாவின் அப்பா காபி கொடுத்தாராம். காபியைக் குடிக்கும் முன்பே இவன் சொல்லிவிட்டானாம். எனக்கு மனசு சரியில்லாமல் போனது, வைத்தியம் நடக்கிறது, வேலை போய்விட்டது, திரும்பத் தேடிக்கொண்டிருக்கிறேன், இது அண்ணனுக்கு இப்போதுதான் தெரியும், அவர் பேரில் தப்பில்லை என்று. பெரியவர் எழுந்து உள்ளே போனவர் வெளியே வரவில்லையாம். நீலாதான் வாசல் வரை வந்திருக்கிறாள்.

"நீங்க சொல்லாம இருந்திருந்தா நான் சரின்னு சொல்லியிருப்பேன். சொன்னதால உங்க மேல மரியாதை வருது. தைரியம் வரல. என்ன மன்னிச்சிடுங்க" என்றாளாம்.

"நீ இன்னாடா சொன்ன?" என்று அம்மா கேட்டாள். அம்மா இந்த விஷயத்தில் வாயைத் திறந்தது இதுதான் முதல் தடவை.

"இன்னா சொல்றது. அவங்க சரியாதான் சொன்னாங்க. காபி நல்லா இருந்துச்சுன்னு சொல்லிட்டு வந்தேன்" என்றான்.

அன்று உட்கார்ந்து இரண்டு தட்டு சோறு சாப்பிட்டான். தோற்றுப்போய் வந்தவன் மாதிரி இல்லை. முதுகிலிருந்து மூட்டையை இறக்கியவன் மாதிரி இருந்தான். அடுத்த வாரம் கேமரா முன்னால் உட்கார்ந்தான். ஹெல்மெட் மடியில் இருந்தது. முகம் தெரியத்தான் பேசினான். கர்னல் ஓரமாக நின்று பார்த்தார். முடிந்ததும் மூக்கைச் சிந்திக்கொண்டு, கொடி வேண்டாம் என்றார்.

முடிவு அவனுடையது. கூட்டிக்கொண்டு போனது நான் என்று எழுதாதே. அவன் குழந்தை இல்லை, உன் மானத்தைப் பூட்டி வைக்கிற பெட்டியும் இல்லை.

ஜான்சி

●

மஸ்கட்
8 அக்டோபர் 1998

ஜான்சி,

சின்னதுரைக்கு வீட்டிலிருந்து எல்லாம் எழுதிவிட்டார்கள். எட்டுப் பேர் இருக்கிற அறையில், எல்லோர் முன்னாலும், "என் தங்கச்சிய பாழுங்கெணத்துல தள்ளப் பாத்தியா ஸ்டீபா?" என்று கேட்டான். கட்டிலை எதிர் மூலைக்கு மாற்றிக்கொண்டான்.

வேலைக்கு லாயக்கில்லாதவனுக்கு ரயிலேறி என் பேரைக் கெடுக்க மட்டும் தெம்பு இருந்திருக்கிறது. நீ அதைப் பெருமையாக நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய்.

இனி எனக்கு எழுதாதே. அம்மாவோடு போனில் பேசிக்கொள்கிறேன்.

ஸ்டீபன்

●

கட்கி
15 நவம்பர் 1998

அண்ணா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். கிழித்துப் போட்டாலும் பரவாயில்லை, ஆனால் கூட வருகிற படத்தின் வீடியோ கேசட்டைக் கிழிக்க முடியாது. மஸ்கட்டுக்குத் திரும்புகிற நம் சர்ச் அண்ணன் ஒருவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

போன வெள்ளிக்கிழமை கேம்ப் தியேட்டரில் படத்தை முதல் தடவையாகப் போட்டார்கள். அம்மா, ஜெபா, நான் போனோம். அம்மா தீபாவளி கிறிஸ்துமஸ் இரண்டுக்கும் சேர்த்து ஒரே புடவை வைத்திருக்கிறாளே, அதைக் கட்டிக்கொண்டு வந்தாள். பல்பொடி விளம்பரம், சேமிப்புப் பத்திர விளம்பரம், பிறகு நம் படம். திரையில் ஜெபாவின் முகம் ஒரு ஆள் உயரத்துக்கு வந்ததும் பின்னால் எவனோ விசிலடித்தான். ஜெபா என் கையை இறுகப் பிடித்தான். அவன் பேசப் பேச விசில் நின்றது. மூன்றாவது வரிசையில் ஒருவன் சிரித்தான், பக்கத்தில் இருந்தவன் அவனை அதட்டினான். கடைசியில் போன் நம்பர் வர வேண்டும். அதற்குத்தானே இத்தனை பாடும். நம்பர் வருவதற்குள் ஆபரேட்டர் படத்தை வெட்டிவிட்டு மெயின் படத்தைப் போட்டுவிட்டான்.

ஆறு மாதம், அண்ணா. கர்னல், கொடி, டயர், மழை, குடை. நம்பரை வெட்டிவிட்டான்.

நான் படியேறி ஆபரேட்டர் அறைக்குப் போய்க் கத்தினேன். அவன் பீடியை வாயிலிருந்து எடுக்காமல், "மேடம், முப்பது செகண்டுன்னு ஸ்லிப்ல போட்டிருக்கு" என்றான். ஸ்லிப்பில் அப்படி எழுதியது எங்கள் பட்டாபிராமன் சார். சனிக்கிழமை முதல் சரி செய்துவிட்டோம்.

நான் கத்திவிட்டுக் கீழே வந்தால் ஜெபாவைக் காணோம். அவன் ஸ்கூட்டர் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தான். எதிரே ஒரு ஆள், நாற்பது வயதிருக்கும், மராட்டிக்காரர். ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, நீதானே அந்தப் படத்தில் வந்தவன், நம்பர் என்ன என்று கேட்டாராம். ஜெபா சொல்ல, அவர் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். அம்மா தள்ளி நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் வரும்போது, "ஸ்டீபனுக்கு இத அனுப்புடி" என்றாள்.

அதனால் இது அம்மாவின் கேசட். அவள் பேச்சைத் தட்ட மாட்டாய் அல்லவா?

ஜெபாவுக்கு போசரியில் ஒரு பட்டறையில் வேலை கிடைத்திருக்கிறது. சில காலைகளில் எழுந்திருக்க இன்னும் நேரமாகிறது. போய்விடுகிறான்.

ஜான்சி

●

மஸ்கட்
4 டிசம்பர் 1998

ஜான்சி,

கேசட் வந்தது. ஒரு வாரம் பெட்டிக்கு அடியில் போட்டு வைத்திருந்தேன். இன்று வெள்ளிக்கிழமை, விடுமுறை. கூடத்தில் வீடியோ பிளேயர் இருக்கிறது. எல்லோரும் தொழுகைக்கும் கடைத்தெருவுக்கும் போன நேரம் பார்த்துப் போட்டேன்.

எவ்வளவு மெலிந்துவிட்டான். கன்னத்தில் அப்பா தெரிகிறார். ஹிந்தியில் பேசுகிறான். நம் வீட்டில் யாரும் இந்த மாதிரிப் பேச்சைத் தமிழில் பேசியதில்லை, அதனால் அதுவும் சரிதான். நீ அவன் என்ன பேசினான் என்று ஒரு கடிதத்திலும் எழுதவில்லை. அழுகைதான் வரும் என்று நினைத்தேன், கண்ணீர்ப் பேச்சாக இருக்கும் என்று.

அவன் சொன்னான்: "முதலில் எனக்குச் சோகம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. எல்லோர் மேலும். அம்மா தட்டு வைக்கிற சத்தத்தின் மேல்கூட. அது நோய் என்று எனக்குத் தெரியாது. நான் கெட்டவனாகிவிட்டேன் என்று நினைத்தேன்."

நான் நிறுத்திவிட்டுத் திரும்பப் போட்டேன். பிறகு இன்னொரு தடவை. திரும்பிப் பார்த்தால் சின்னதுரை வாசலில் நிற்கிறான். எவ்வளவு நேரமாக நின்றானோ. இரண்டு மாதமாக என்னோடு பேசாதவன். "உன் தம்பியா?" என்றான். ஆமாம் என்றேன். உள்ளே வந்து உட்கார்ந்தான். "போன வாரம் நான் உன் சோப்ப எடுத்தேன்னு என்ன அடிக்க வந்தியே ஸ்டீபா, நீ அப்படிப்பட்டவன் இல்லையே" என்றான்.

உனக்கு இதை எழுதவில்லை. சோப்புக்காகக் கை ஓங்கினேன், ஜான்சி. நான்கு பேர் பிடித்து இழுத்தார்கள். சூப்பர்வைசர் எச்சரித்திருக்கிறார். போன மாதம் டேங்கரை ஒரு சுவரில் இடித்தேன், தூக்கமில்லாததால். வெயில் என்றேன், ஏர்கண்டிஷனர் என்றேன், உன் கடிதம் என்றேன். மார்ச் மாதத்திலிருந்தே இப்படித்தான் இருக்கிறது. அப்போது உன்னிடமிருந்து இந்த மாதிரிக் கடிதம் எதுவும் வரவில்லை.

வேறு யாருக்கோ கேட்கிற மாதிரி ஒரு தாள் எழுதிக் கிழித்தேன். வேண்டாம். எனக்குத்தான். அந்த நம்பருக்கு இங்கிருந்து போட்டால் கிடைக்குமா? தமிழில் பேசுகிற யாராவது எடுப்பார்களா? எந்த நேரம் போட வேண்டும்? அம்மாவிடம் சொல்லாதே. சொன்னாலும் பரவாயில்லை.

ஜெபா குடியாத்தம் போனது சரி. நான் செய்திருக்க மாட்டேன்.

ஸ்டீபன்

●

கட்கி
17 டிசம்பர் 1998

அண்ணா,

கிடைக்கும். வனஜா மேடம் தமிழ்தான். செவ்வாயும் வியாழனும் மத்தியானம் அவரே எடுக்கிறார். மஸ்கட்டிலிருந்து எப்படிப் போட வேண்டும் என்று போஸ்ட் ஆபீசில் கேட்டு, நம்பரை முழுசாகக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அங்கேயும் நல்ல டாக்டர் இருப்பார், கம்பெனி கிளினிக்கில் கேட்கச் சொல் என்றார் மேடம். தூக்கமில்லாமல் டேங்கர் ஓட்டக்கூடாது, அதை மட்டும் இன்றே சூப்பர்வைசரிடம் சொல்லச் சொன்னார். சொல்லிவிடு. சண்டைக்குப் போகாமல் சொல்.

அம்மாவிடம் சொன்னேன். "தைலம் அனுப்பறான் பாரு, அவன் வலிய அவனே பாக்காம" என்று உன்னைத் திட்டினாள். அவளுக்கும் எரிச்சல்தான், ஆனால் அவளுடையது நோயில்லை, பிறவிக்குணம்.

உன் கடிதத்தை ஜெபாவிடம் கொடுத்தேன். கேட்காமல் கொடுத்ததற்குத் திட்டிக்கொள். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவன், ஒரு கையில் சாப்பாட்டு டப்பாவோடு நின்றபடியே படித்தான். முடித்ததும் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தான். அன்று பட்டறைக்கு நேரமாகிவிட்டது.

சாயங்காலம் திரும்பி வந்தவனிடம், "இன்னாடா எழுதட்டும் அண்ணனுக்கு?" என்றேன்.

"புத்தி ஒண்ணும் சொல்லாத. ஞாயித்துக்கிழம சர்ச் முடிஞ்சு நான் ரயில்வே கேட்டுகிட்ட இருக்கிற எஸ்.டி.டி. பூத்துல உக்காந்துனு இருப்பேன், பூத்துக்காரர்கிட்ட சொல்லிட்டேன்னு எழுது, பூத்து நம்பரையும் போடு. எல்லா ஞாயித்துக்கிழமையும். அண்ணன் பேசணும்னுகூட இல்ல. நான் மேடத்துக்கு மொதல்ல போன் பண்ணப்போ ஒரு வார்த்த பேசல, சும்மா லைன்ல இருந்தேன். அவங்க போன வெக்கவே இல்ல. நானும் வெக்கமாட்டேன்னு எழுது" என்றான்.

எழுதிவிட்டேன்.

ஜான்சி